முத்துமாரியின் இடது கால் செருப்புகள்

முத்துமாரியின் பையைத் திறந்தால் செருப்புகள்தான் இருக்கும். எல்லாம் இடது கால் செருப்புகள். வலது காலுக்கு ஒன்றுகூடக் கிடையாது. முதன்முதலில் பார்த்தபோது, ஒரு காலை எடுத்துவிட்ட யாருக்கோ சேர்க்கிறாள் என்று நினைத்தேன். நர்ஸாக வார்டிலேயே இருந்து வயசான எனக்குப் புத்தி அப்படித்தான் போகும்.

"ஜோடியா வச்சா தூக்கினு போய்டுவாங்க சிஸ்டர்," என்றாள். "ஒத்தச் செருப்ப எவன் எடுப்பான்?"

அவள் செய்யும் வேலைக்குப் பெயர் இல்லை. பிறருக்காக வரிசையில் நிற்கிறாள். ஆம்பூர் பக்கம் ஷூ ஃபேக்டரிக்குப் போகும் பெண்கள் விடிந்ததும் வண்டி ஏறினால் இருட்டிய பிறகுதான் வீட்டுக்கு வருவார்கள். மின்சார அலுவலகம், வங்கி, ஆஸ்பத்திரி, தாலுகா ஆபீஸ் எல்லாம் அவர்கள் தையல் மிஷின் முன்னால் குனிந்திருக்கும் நேரத்தில் மட்டும்தான் திறந்திருக்கும். வீட்டுக்கு ஒரு பெண்ணாவது ஃபேக்டரிக்குப் போகும் ஊரில் இப்படி நேரம் வகுத்தவர் யாரென்று தெரியவில்லை. அவர் வீட்டில் வரிசையில் நிற்க வேறு ஆள் இருந்திருக்க வேண்டும்.

அதனால் முத்துமாரி. ஆபீஸில் வேலை இருப்பவள் முதல் நாளே தன் பழைய செருப்பில் இடதை இவளிடம் கொடுத்துவிடுவாள். இவள் விடியும் முன்னே போய், கதவிலிருந்து வரிசையாக வைப்பாள். வரிசை நகர நகர, ஒவ்வொன்றையும் காலால் தள்ளிக்கொண்டே போவாள். முறை வரும் நேரத்தைக் கணக்குப் பண்ணி அந்தப் பெண் முன்கூட்டியே பர்மிஷன் சொல்லி வைத்து ஓடி வந்து, தன் செருப்பில் காலை நுழைப்பாள். நுழைத்துவிட்டால் இடம் அவளுடையது. பின்னால் நிற்பவர் எவ்வளவு முரடாக இருந்தாலும் அதற்கு மேல் பேசமாட்டார்.

ஒரே ஒரு தடவை தகராறு வந்தது. ஒரு வருடம் ஃபேக்டரியில் ஏற்றுமதிக்கு அனுப்பி மீந்துபோன செருப்பை எல்லாருக்கும் இனாமாகக் கொடுத்தார்கள். எல்லாம் ஒரே பழுப்பு, ஒரே வார். மின்சார அலுவலக வாசலில் அந்தச் செருப்புகள் வரிசையாக நின்றன. இரண்டு பெண்கள் ஒரே செருப்பில் கால் வைத்தார்கள். "இது என்து, மூணாவது தையல்ல நூல் பிசிறு இருக்கும், பாரு" என்று ஒருத்தி. "அந்தப் பிசிறு வுட்டதே நான்தாண்டி, உன் மிஷினு ஓடவே ஓடாது" என்று இன்னொருத்தி. கவுண்ட்டரில் இருந்தவர் வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தார். அன்றிலிருந்து முத்துமாரி நகப்பூச்சால் அடையாளம் வைக்கிறாள். ஒவ்வொருத்திக்கும் ஒரு நிறம். நான் வேலை பார்க்கும் வீட்டு ஷஹீன் பானுவுக்கு ஊதா.

இருபது வருடம் அவளும் ஷூ ஃபேக்டரியில் இருந்தவள்தான். பேஸ்டிங் செக்ஷன், பசை தடவும் வேலை. சொல்யூஷன் வாசனை நெஞ்சில் ஏறி, மாடிப்படி நாலு ஏறினால் விசில் ஊதும். நிறுத்தச் சொன்னார்கள், நிறுத்திவிட்டாள். அடுத்த வாரமே கூட வேலை பார்த்தவள் ஒருத்தி ரேஷன் கார்டைக் கையில் திணித்தாள். ஆரம்பம் அதுதான். மகன் ஒரகடத்தில் கார் கம்பெனியில் இருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை போன் செய்வான். நான் பக்கத்தில் இருந்து கேட்டிருக்கிறேன்.

"எங்கம்மா இன்னா வேல செய்றாங்கன்னு ஃப்ரெண்டுங்க கேட்டா இன்னான்னும்மா சொல்றது?"

"நிக்கிற வேலன்னு சொல்லு. நீ இன்னா, குந்திக்கினா செய்ற?"

இப்போது அந்த நாளைப் பற்றிச் சொல்கிறேன். ஊர் பெயரும் ஆஸ்பத்திரி பெயரும் வேண்டாம். எந்த ஊரில் போய் நின்றாலும் இதேதான்.

ஷஹீன் பானுவின் கணவர் கலீமுல்லா தோல் பதனிடும் டேனரியில் டிரம் ஓட்டியவர். பக்கவாதம் வந்து இடது பக்கம் விழுந்துவிட்டது. பானு ஃபேக்டரிக்குப் போகும் நேரத்தில் அவரைப் பார்த்துக்கொள்ள என்னை வைத்தாள். நான் போனபோதே வால் எலும்பின் மேல் படுக்கைப்புண் எலுமிச்சம்பழ அளவுக்கு இருந்தது. நாள் முழுக்க மல்லாந்தே கிடந்தால் வேறென்ன வரும்? புரட்டிப் போட்டேன், சுத்தம் செய்தேன், கட்டுப் போட்டேன். ஆனால் மனிதனை எழுப்பி உட்கார வைக்காமல் அந்தப் புண் முழுதாக மூடாது. தலையைச் சாய்த்துக்கொள்ளும் சக்கர நாற்காலி வேண்டும். அது கிடைக்க மாற்றுத்திறனாளிச் சான்று வேண்டும். சான்றுக்கு டாக்டர் பார்க்க வேண்டும். அந்த டாக்டர் வேலூரிலிருந்து மாதத்தில் ஒரே ஒரு நாள்தான் வருவார்.

முதல் மாதம் போனோம். டாக்டர் மாடியில், லிஃப்ட் ஓடவில்லை. நடக்க முடியாதவர்களைப் பார்க்கும் டாக்டரை மாடியில் உட்கார வைத்திருந்தார்கள். திரும்பி வந்தோம். இரண்டாம் மாதம் கீழே மாற்றி, சாய்தளமும் கட்டிவிட்டார்கள். வெயிலுக்கு மேலே ஒரு தகரக் கூரையும் போட்டார்கள். அதுதான் தப்பு. நம் ஊரில் கூரைக்குக் கீழே காலி இடம் இருந்தால் அங்கே பைக் நிற்கும். அத்தனையும் ஆஸ்பத்திரி ஆட்களின் பைக். ஒவ்வொருவரையும் தேடிப் பிடித்து எடுக்க வைப்பதற்குள் டாக்டரின் கார் கிளம்பிவிட்டது.

மூன்றாவது தடவையும் விட்டால் புண் எலும்பைத் தொடும். இதைப் பானுவிடம் நான் மறைக்கவில்லை. அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, பீரோவுக்கு அடியிலிருந்து கணவரின் செருப்பை எடுத்து இடதை முத்துமாரியிடம் கொடுத்தாள். விழுந்த காலுக்குப் போடாத செருப்பு, புதுசாகவே இருந்தது.

"உன் ஊதாவ வைக்கலியா?"

"பாயிதே வையுங்கக்கா. அவரு போய் நின்ன மாதிரி இருக்கட்டும்."

அன்றைக்கு நான் கலீமுல்லாவை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனபோது, முத்துமாரி வாசலில் கோபமாக நின்றுகொண்டிருந்தாள். கதவோரம் வைத்த செருப்புகளை யாரோ துடைப்பத்தால் ஒரு மூலைக்குத் தள்ளியிருந்தார்கள். உள்ளே ஆள் உயரத்துக்கு ஒரு மிஷின். பொட்டு வைத்து, மாலை போட்டு, பலூன் கட்டியிருந்தார்கள். அதன் பக்கத்தில் கழுத்தில் அட்டை தொங்க ஒரு பெண், நித்யஸ்ரீ.

"ஆயா, செருப்பெல்லாம் எடுத்துருங்க. இனிமே வரிசையே கிடையாது. டோக்கன்தான்."

"ஆயாவா? உங்கம்மா வயசுதாம்மா எனக்கு. டோக்கனக் குடு, எடுத்துடறேன்."

நித்யஸ்ரீ கலீமுல்லாவின் பதிவு எண்ணை அடித்தாள். மிஷின் ஒரு சத்தம் போட்டது. "ஓ.டி.பி. போயிருக்கு பாருங்க. சொல்லுங்க."

"எங்க போயிருக்கு?"

"பதிவு பண்ண போனுக்கு."

அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது. பானு எல்லா இடத்திலும் தன் நம்பரைத்தான் கொடுத்திருக்கிறாள். சம்பாதிப்பவள் அவள், போன் அவளுடையது. ஆனால் ஃபேக்டரிக்குள் போனுக்கு அனுமதி இல்லை. காலையில் கேட்டில் வாங்கி லாக்கரில் வைத்துப் பூட்டினால் சாயங்காலம்தான் திருப்பிக் கொடுப்பார்கள். பானு மட்டுமில்லை, முத்துமாரியின் பையில் செருப்பு கொடுத்த எல்லாப் பெண்களும் அதையேதான் செய்திருந்தார்கள். ஊரில் பாதிக் குடும்பத்தின் நம்பர், பகல் முழுக்க யாரும் தொட முடியாத இரும்புப் பெட்டிக்குள் கிடக்கிறது. எனக்கும் தோன்றவில்லை, முத்துமாரிக்கும் தோன்றவில்லை.

"போன் ஃபேக்டரி லாக்கர்ல இருக்குதும்மா."

"அப்ப எடுத்துனு வரச் சொல்லுங்க."

"எடுத்துனு வான்னு சொல்றதுக்கு எந்த போனுக்கும்மா பண்றது?"

நித்யஸ்ரீ மிஷினைத் திரும்பிப் பார்த்தாள். அவளைக் குறை சொல்ல முடியாது. ஒப்பந்தத்தில் வேலைக்கு வந்த பெண். மிஷினை வைத்தவர்கள் அவளிடமும் எதையும் விளக்கவில்லை. "நான் கேக்கல ஆன்ட்டி. மிஷின் கேக்குது."

"மிஷின்கிட்ட நீ சொல்லேன், ஆளு வெளிய ஆட்டோல இருக்காருன்னு."

"அதுக்கு பட்டன் இல்ல ஆன்ட்டி."

முத்துமாரி என்னிடம் வந்தாள். "சிஸ்டர், பாய் எவ்ளோ நேரம் தாங்குவாரு?"

"உட்கார வச்சா ஒரு மணி நேரம். அதுக்கு மேல புண்ணு தாங்காது. நான் ஆட்டோலயே ஒருக்களிச்சுப் படுக்க வச்சுக்கறேன். நீ போய்ட்டு வா."

அவள் ஷேர் ஆட்டோ பிடித்து ஃபேக்டரிக்குப் போனாள். திரும்பி வந்தபோது நெஞ்சில் விசில் சத்தம் எனக்குக் கேட்டது. கேட்டில் செக்யூரிட்டி ஆல்வின் நல்லவன்தானாம், ஆனால் போனுக்குச் சொந்தக்காரி அவுட்பாஸோடு வந்தால்தான் லாக்கரைத் திறப்பானாம். உள்ளே சொல்லி அனுப்பினால், சூப்பர்வைசர், பானு எழுந்தால் தையல் லைனே நின்றுவிடும், மதியச் சாப்பாட்டு மணி அடிக்கட்டும் என்றாராம். அந்த ஆல்வினின் நம்பரை மட்டும் வாங்கி வந்திருந்தாள்.

அதற்குள் இங்கே டோக்கன் தீர்ந்துவிட்டது.

தீர்ந்தது என்றால் ஆட்கள் வாங்கித் தீரவில்லை. பாதிக்கு மேல் முதல் நாள் ராத்திரியே போனில் பதிவாகிவிட்டதாம். அந்த வசதி இருப்பதே எங்களுக்குத் தெரியாது. பதிவு செய்தவர்களில் பல பேர் வரவும் இல்லை. வீட்டில் உட்கார்ந்தபடியே விரலால் பிடித்த இடத்தை விட்டுவிட யாருக்கும் வருத்தமிருக்காது. விடியலில் எழுந்து வந்து பிடித்த இடம் என்றால் அப்படி விடமாட்டார்கள். திரையில் ஒரு எண் வரும், மணி அடிக்கும், யாரும் எழுந்திருக்கமாட்டார்கள். மிஷின் பொறுமையாகக் காத்திருந்து மறுபடி அடிக்கும். அப்புறம் அடுத்த வராத ஆளைக் கூப்பிடும். அறைக்குள் டாக்டர் சும்மா உட்கார்ந்திருக்கிறார். வெளியே நாங்கள் நின்றுகொண்டிருக்கிறோம். நடுவில் மணி.

ஒரு கூடத்தில் வரிசையாக நாற்காலி போட்டிருந்தார்கள். திரை மட்டும் நடையில் இருந்தது. நாற்காலியில் உட்கார்ந்தால் திரை தெரியாது. அதனால் எல்லாரும் நடையில் திரைக்கு முன்னால் கூட்டமாக நின்றார்கள். வாட்ச்மேன் வந்து, "அவ்ளோ சேர் காலியா இருக்குது, போய் குந்துங்களேன், எருமமாட்டுக் கூட்டம் மாதிரி" என்று கத்தினார்.

"சேர இப்டி திருப்பிப் போடு, குந்தறோம்," என்றாள் முத்துமாரி.

"தரையில போல்ட்டு போட்டுக் கீதும்மா."

"அப்ப டிவிய திருப்பு."

"அதுவும் போல்ட்டுதான்."

"நாங்க மட்டுந்தான் போல்ட்டு இல்லாம நிக்கறோம். எங்களத்தான் உங்களால திருப்ப முடியும்."

வாட்ச்மேன் சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் ஆட்டோவுக்கும் நடைக்கும் அலைந்துகொண்டிருந்தேன். கலீமுல்லாவுக்குப் பேச்சு குழறும். ஆனாலும், "டாக்டர் போய்ட்டாரா?" என்று ஒவ்வொரு தடவையும் கேட்டார். இல்லை பாய் என்றேன். "மணி அடிக்குதே," என்றார். அது வராதவர்களுக்கு அடிக்கிற மணி என்றேன். கண்ணை மூடிக்கொண்டார். கட்டுத் துணியில் ஈரம் ஊறத் தொடங்கியிருந்தது.

மதியம் நெருங்கியது. டாக்டரின் உதவியாளர் வெளியே வந்து எட்டிப் பார்த்து, "அவ்ளோதான், வேற யாரும் இல்ல," என்று உள்ளே போனார். திரையில் காத்திருப்போர் என்ற இடத்தில் பூஜ்யம். எங்களைத் தாண்டித்தான் எட்டிப் பார்த்தார். ஆனாலும் திரை பூஜ்யம் என்றால் பூஜ்யம்தான்.

முத்துமாரி மூலைக்குப் போனாள். துடைப்பத்தால் தள்ளிய செருப்புகளைப் பொறுக்கினாள். டாக்டர் அறைக் கதவுக்கு முன்னால் வரிசையாக வைத்தாள். முதலில் கலீமுல்லாவின் புதுச் செருப்பு. அதன் பின்னால் சிவப்பு, பச்சை, ரோஸ். உதவியாளர் காலால் ஒதுக்க வந்தார்.

"மிதிக்காத சார். நீ மிதிக்கிறது ஆளு."

"இன்னாம்மா பேஜார் பண்ற? போலீசக் கூப்பிடவா?"

"கூப்பிடு. அவரும் டோக்கன் வாங்கினுதான் வரணும்."

சத்தம் கேட்டு டாக்டர் கதவைத் திறந்தார். நடுவயதுப் பெண், பையைத் தோளில் மாட்டியிருந்தார். காலடியில் செருப்புகளைப் பார்த்து நின்றார்.

"என்ன இது?"

"ஆளுங்க மேடம். ஃபேக்டரில இருக்காங்க, வரமுடியாது. முதல் செருப்புக்காரரு மட்டும் வெளிய ஆட்டோல படுத்துனு இருக்காரு. மூணு மாசமா வர்றாரு."

"எனக்குத் திரையில யாரும் இல்லைன்னு காட்டுதே."

"தரையில இருக்காங்க மேடம்."

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் மற்ற கதையெல்லாம் சொல்லவில்லை. இடது பக்கம் விழுந்தது, வால் எலும்பு மேல் புண், ஆழம் இவ்வளவு, கசிகிறது என்று மட்டும் சொன்னேன். வார்டில் கற்றது அது. டாக்டரிடம் புண்ணைச் சொன்னால் போதும், நியாயத்தைச் சொல்ல வேண்டியதில்லை. அவர் ஆட்டோவுக்கு வந்தார். வெயிலில் குனிந்து, கையை மடக்கிப் பார்த்தார், காலைத் தட்டிப் பார்த்தார், புண்ணைப் பார்த்தார். "இவருக்கு எப்பவோ குடுத்திருக்கணும்," என்றார். 

உள்ளே வந்து கணினியில் ஏற்ற உட்கார்ந்தால், டோக்கன் இல்லாமல் ஏறாது. வராத ஆளின் டோக்கனை ரத்து செய்து இவருக்குப் போடலாம் என்றாள் நித்யஸ்ரீ. அதற்கும் பானுவின் போனுக்கு வரும் ஓ.டி.பி. வேண்டும். அதுவும் டாக்டரின் கணக்கு மதியத்தோடு மூடிக்கொள்ளும் முன்னே. டாக்டர் நாற்காலியில் சாய்ந்து, "வெட்டினா தைக்கத் தெரியும் எனக்கு. இதைத் தைக்கத் தெரியாது," என்றார்.

முத்துமாரி ஆல்வினுக்குப் போன் போட்டாள். "தம்பி, மணி அடிச்சாச்சா?"

"இப்பதாங்க்கா அடிக்குது. எல்லாம் கேன்டீனுக்கு ஓடுதுங்க."

"பானு எங்க?"

"கேட்டாண்டதான் நிக்குது. ஆனா போனு சாயங்காலந்தாங்க்கா. என் வேலைக்கு உலை வச்சிடாதீங்க."

"போன வெளிய குடுக்காத தம்பி. லாக்கரத் தொற, நீயே கையில புடிச்சுக்கோ, அவ கம்பிக்கு அந்தாண்ட நின்னு படிக்கட்டும். ரூல்ஸும் உடையாது, போனும் உள்ள வராது."

அவன் லாக்கர்ப் பக்கம் நடப்பது போனில் கேட்டது. பிறகு சாவிச் சத்தம். நித்யஸ்ரீ பட்டனை அழுத்தினாள். சைரனும் பெண்களின் கூச்சலுமாக இருந்தது. பானு எண்களைக் கத்தினாள். பாதியிலேயே லைன் கட்டாகிவிட்டது. மறுபடி போட்டு வாங்குவதற்குள் காலம் முடிந்துவிட்டது என்றது மிஷின். இன்னொரு தடவை. டாக்டர் கடிகாரத்தைப் பார்த்தார், ஆனால் எழுந்திருக்கவில்லை. இந்தத் தடவை எண்களை ஆல்வினே நிதானமாகப் படித்தான். பின்னால் பானு, "சரியாப் படிங்கண்ணா, அது ஏழு, ஒண்ணு இல்ல," என்று அழுகையோடு கத்தினாள். நித்யஸ்ரீ ஒவ்வொன்றாக அடித்தாள். கடைசி எண் விழுந்ததும் பொட்டு வைத்த மிஷின் ஒரு துண்டுக் காகிதத்தைத் துப்பியது.

சான்று கிடைத்தது. மற்றச் செருப்புகளுக்குக் கிடைக்கவில்லை. முத்துமாரி அவற்றை ஒவ்வொன்றாகப் பையில் போட்டாள். சாயங்காலம் அத்தனை வீட்டுக்கும் போய், முடியவில்லை என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தாள். அது அவள் வேலையில் மோசமான பகுதி. ஒருத்தி செருப்பை வாங்கித் தெருவில் விட்டெறிந்தாளாம்.

"டாக்டர் வர்ற அன்னிக்கு ஒரு நாளாவது போன வீட்ல வச்சுட்டுப் போயேன்," என்று பானுவிடம் சொன்னேன்.

"ஓவர்டைம் போட்டா வண்டி எத்தினி மணிக்கு விடுவாங்கன்னு தெரியாது சிஸ்டர். கேட்டுல போன் வாங்கினாதான் வீட்டுக்குச் சொல்ல முடியும். இருட்டுல பொம்பள எப்டி வர்றது?"

 இப்போது டாக்டர் வரும் நாளுக்கு மட்டும் போனை வீட்டில் வைத்துவிட்டுப் போகிறார்கள். அன்றைக்கு ஓவர்டைம் வந்தால் வீட்டில் பயந்துகொண்டிருக்கிறார்கள்.

நாற்காலி ஆறு வாரம் கழித்து வந்தது. நல்ல நாற்காலி, தலை சாயும். பானு வீட்டு வாசல் அதைவிடக் குறுகல். அந்தத் தெருவில் எல்லா வீட்டு வாசலும் அப்படித்தான். மடக்கினால் உள்ளே போகும், ஆனால் மடக்கிய நாற்காலியில் மனிதன் உட்கார முடியாது. அதனால் அதை வெளியே மின்கம்பத்தில் சங்கிலி போட்டுப் பூட்டி, மேலே தார்ப்பாய் மூடி வைத்திருக்கிறோம். தினமும் நானும் முத்துமாரியும் கலீமுல்லாவைத் தூக்கி வந்து அதில் உட்கார வைக்கிறோம். அவள் இரைத்துக்கொண்டே தூக்குவாள். வேண்டாம் என்றால் கேட்கமாட்டாள். புண் ஓரத்திலிருந்து சிவந்து மூடி வருகிறது. நான் பார்த்தவரைக்கும் அது ஒன்றுதான் ஒழுங்காக நடக்கிறது.

போன மாதம் ஆஸ்பத்திரிக் கதவில் புதிதாக ஒரு பலகை மாட்டினார்கள். செருப்பு வைத்து இடம் பிடிக்கக் கூடாதாம். அன்று சாயங்காலம் பானு வேலையிலிருந்து வந்து, தெருவில் கணவரின் நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றபடியே எங்களுக்கு ஒரு குறுஞ்செய்தியைக் காட்டினாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்தது. எங்கள் சேவை உங்களுக்குத் திருப்தியாக இருந்ததா, ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பெண் தரவும் என்று கேட்டிருந்தார்கள். அவள் அழுத்தினாள். நேரம் முடிந்துவிட்டது என்று வந்தது.

"எப்ப அனுப்பிக்கீறாங்க?" என்றாள் முத்துமாரி.

"காலையில பத்து மணிக்கு."

"லாக்கர்கிட்ட கேட்டுருக்காங்க. அது இன்னா சொல்லிச்சாம்?"

கலீமுல்லா ஏதோ சொன்னார். குழறியதில் புரியவில்லை. மறுபடி கேட்டேன். ஒரு மதிப்பெண் போடச் சொன்னேன் என்றார். பானு போனை மூடி இடுப்பில் செருகினாள். மறுநாள் தாலுகா ஆபீஸ் வேலை இருந்தது. தன் காலிலிருந்த ஊதா அடையாளச் செருப்பை அங்கேயே கழற்றி, முத்துமாரியின் பையில் போட்டுவிட்டு, ஒரு காலில் செருப்போடு வீட்டுக்குள் போனாள்.